தோழிகளோடு கடலுக்கு: கிராபியா, நிலாவெளியா, லங்காவியா, மாலத்தீவா?

மே மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் தாய்லாந்தின் கிராபியை மறந்துவிடலாம். டிசம்பர்தான் எல்லோருக்கும் தோதுப்படும் என்றால் கிழக்கு இலங்கையின் நிலாவெளியை மறந்துவிடலாம். வாட்ஸாப் குழுவில் ரிசார்ட் படங்களைப் பகிர்ந்து, ஆளுக்கொரு ஹார்ட் போட்டு, யாராவது ஒருத்தி டிக்கெட் விலையைக் கேட்டதும் குழுவே மௌனமாவதற்கு முன்னால் இந்த ஒன்றை முடிவு செய்துகொண்டால் பாதி விவாதம் மிச்சம்.

எல்லாம் காற்று செய்கிற வேலை. மே முதல் அக்டோபர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத்தை, அதாவது புக்கெட், கிராபி, பீபீ தீவுகளை, நேராகத் தாக்கும். ஹோட்டல் விலை சரியும். கரையில் சிவப்புக் கொடி பறக்கும். அதே காற்று இலங்கையின் தென்மேற்குக் கரையையும் (பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ) கலக்கிவிடும். ஆனால் மலைநாட்டுக்கு மறுபுறம் இருக்கும் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் அந்த மாதங்களில் கடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபர் பிறந்ததும் கதை தலைகீழ். சென்னைக்கு மழை கொண்டுவரும் வடகிழக்குக் காற்று திருகோணமலையையும் விடாது.

மலேசியாவின் லங்காவித் தீவுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மாலத்தீவு ஜனவரி முதல் ஏப்ரல் வரை அருமை. மற்ற மாதங்களில் ஒரு நாள் வெயில், ஒரு நாள் மழை என்று ஓடும். ஆக, பிள்ளைகளின் கோடை விடுமுறையை நம்பியிருக்கும் அம்மாக்கள் குழுவுக்கு, பக்கத்தில் இருக்கிற இடங்களில் கிழக்கு இலங்கைதான் கணக்குக்கு வரும். பிள்ளைகளை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கிளம்ப முடிகிறவர்களுக்குத்தான் மற்ற இடங்களைப் பற்றிய பேச்சே. தாய்லாந்துதான் வேண்டும், ஜூலையில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு எதிர்ப்பக்க வளைகுடாவில் கோ சமுயி தீவு இருக்கிறது. அங்கே போகும் விமானக் கட்டணம் கொஞ்சம் வலிக்கும்.

மாதம் முடிவானதும் ஹோட்டல் நட்சத்திரத்துக்குப் போய்விடாதீர்கள். அதற்கு முன் நான் கேட்பது மூன்று கேள்விகள். நீந்தத் தெரியாதவள் அந்தக் கடலில் இறங்க முடியுமா? அவள் வழக்கமாகப் போடும் உடையிலேயே இறங்கினால் யாரும் வேடிக்கை பார்க்காமல் இருப்பார்களா? ஆள் கூடினால் தலைக்குச் செலவு குறையுமா?

முதல் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. சென்னையில் வளர்ந்த நாமெல்லாம் கடலைக் கணுக்கால் வரைதான் அறிவோம். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கரை சட்டென்று ஆழமாகும், அலை காலுக்கடியில் மண்ணை அரித்துக்கொண்டு போகும், குளிக்க இறங்கினால் போலீஸ் விசில் அடிக்கும். சுடிதாரை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று அலைக்கு நின்றுவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் நமது கடல் அனுபவம். நாற்பது வயதில் முதல் முறையாகக் கழுத்து வரை உப்புத் தண்ணீரில் நிற்கப்போகிற தோழி ஒருத்தியாவது எந்தக் குழுவிலும் இருப்பாள். அவளுக்குப் பிடித்துவிட்டால் பயணம் வெற்றி. அவள் கரையில் எல்லோருடைய பைகளுக்கும் காவல் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு அழகான தீவாக இருந்தாலும் எனக்கு அது தோல்விதான்.

கிராபியை எடுத்துக்கொள்வோம். ஆவ் நாங் என்கிற கடற்கரை ஊரில் தங்கி, அங்கிருந்து படகில் தீவுகளுக்குப் போய் வருவதுதான் வழக்கமான திட்டம். கரையிலேயே படகுச் சங்கத்தின் கவுண்ட்டர் இருக்கும், எந்தத் தீவுக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். அதனால் பேரம் பேசும் அலுப்பு குறைவு. லாங்டெயில் என்கிற நீள்மூக்கு மரப்படகை முழுசாக அரை நாளைக்கோ ஒரு நாளைக்கோ எடுத்தால் விலை படகுக்குத்தான், தலைக்கு அல்ல. ஆறு பேர் சேர்ந்து ஒரு படகு எடுத்தால், கூட்டத்தோடு ஸ்பீட்போட்டில் போவதைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் நம் கையில். தேசியப் பூங்காக் கட்டணம் மட்டும் ஆளுக்குத் தனி. பீபீ பக்கத்துத் தீவுகளுக்கு வெளிநாட்டவருக்கு 400 பாட்.

படகில் ஏறுவதே ஒரு காட்சி. படகுத்துறை கிடையாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் நடந்துபோய், ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஏணியில் கால் வைக்க வேண்டும். படகுக்காரர் நீட்டும் கையைப் பிடித்து ஏறுவதற்குள் முழங்கால் வலி இருக்கிறவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். பின்னால் லாரி எஞ்சினை அப்படியே கழற்றி மாட்டியது போல ஒரு எஞ்சின், காது அடைக்கும். முன்மூக்கில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருக்கும். அது படகின் காவல் தெய்வத்துக்கு, அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

ரெய்லே கரைக்குத் தரைவழியே கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். ஆவ் நாங்கிலிருந்து கால் மணி நேரப் படகுதான். மேற்குக் கரை குளிக்க அருமை. கிழக்குக் கரை ஓதம் வற்றினால், அதாவது கடல் நீர் உள்வாங்கினால், வெறும் சேறும் அலையாத்தி மரங்களும். "கடல் பார்த்த அறை" என்று விளம்பரத்தில் பார்த்து அவசரமாகப் பதிவு செய்யும் முன் எந்தக் கரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நடந்தால் ப்ரா நாங் குகை. குகைக்குள் ஒரு இளவரசித் தெய்வம். மீனவர்கள் நேர்ந்துகொண்டு மரத்தில் செதுக்கி வைத்த ஆண்குறிகள், சின்னதிலிருந்து ஆளுயரம் வரை, வண்ணம் பூசி வரிசையாக நிற்கும். அங்கே பத்து நிமிடம் சிரித்து முடிக்காத தோழிகள் குழுவை நான் பார்க்கவில்லை. சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அது கோயில்.

நீச்சல் தெரியாதவளுக்காக நான் சிபாரிசு செய்வது தலே வேக். தூப், மோர், சிக்கன் தீவு மூன்றுக்கும் நடுவே ஓதம் வற்றும்போது ஒரு மணல் திட்டு எழும். இரண்டு பக்கமும் பச்சைக் கடல், நடுவில் கணுக்கால் தண்ணீரில் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். சிக்கல் என்னவென்றால், இதற்கு வற்றல் வேண்டும். ரெய்லேயில் குளிப்பதற்கோ ஏற்றம் வேண்டும். அதனால் படகு எடுக்கும்போது "நாலு தீவு" என்று மட்டும் சொல்லாமல், அன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றும் என்று கேட்டு அதற்கேற்ப வரிசையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் வற்றல் அதிகம், திட்டு நன்றாகத் தெரியும்.

பீபீ தீவுகளில் இருக்கும் மாயா பே விரிகுடாவைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி கட்டாயம் சொல்வாள். கூட்டத்தால் பவளம் செத்துப்போனதால் 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில் மறுபடி திறந்த இடம். இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுவார்கள். திறந்திருக்கும்போதும் முட்டளவுக்கு மேல் இறங்க விடமாட்டார்கள். போட்டோவுக்கு சரி, குளிக்க அல்ல.

உடை விஷயத்தில் கிராபிக்கு முழு மதிப்பெண். நீச்சல் உடையோ, லெக்கிங்ஸும் முழுக்கை டீஷர்ட்டுமோ, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. தலைமுதல் கால்வரை மூடிய உடையில் குளிக்கிற பெண்களும் சகஜம். சாப்பாட்டில்தான் சைவக்காரிகள் தடுமாறுவார்கள். காய்கறி வறுவலிலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் ஊற்றிவிடுவார்கள். "ஜே" என்று சொன்னால் அசைவம் எதுவும் சேர்க்காமல் செய்து தரும் கடைகள் உண்டு. ஆவ் நாங்கில் இந்திய உணவகங்களும் நிறைய. தரம் கடைக்குக் கடை மாறும், விலை எல்லாவற்றிலும் அதிகம்.

இனி நிலாவெளி. திருகோணமலைக்கு வடக்கே நீண்டு கிடக்கும் வெள்ளை மணல். மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே கடல் அமைதி, சரிவும் மெதுவானது. முப்பது நாற்பது அடி நடந்தும் இடுப்பளவுதான் என்கிற இடங்கள் உண்டு. விடியற்காலையில் எழுந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரிசையாக ஆட்கள், தோளில் கயிறு, ஒரே குரலில் ஒரு இழுப்பு. "அக்கா, ஒருக்கா பிடிச்சுப் பாருங்கோவன்" என்று கூப்பிடுவார்கள். பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை எரியும், வலை ஒரு அங்குலம்கூட நகராது.

கிழக்கு இலங்கையின் பெரிய பலம் அதுதான்: தமிழில் பேசிக்கொள்ளலாம். வேன் ஓட்டுநர், விடுதிக்காரர், மருந்துக்கடை, தேவைப்பட்டால் டாக்டர், எல்லோரிடமும் நம் மொழியில் விளக்கம் சொல்லலாம். பெண்கள் மட்டும் போகும்போது இதன் மதிப்பை எந்த ஐந்து நட்சத்திரமும் ஈடுகட்டாது என்பது என் கட்சி. சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. காலையில் பிட்டு, இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் நண்டோ கணவாயோ. சைவக்காரிகளுக்கும் குறை வராது.

வழிதான் நீளம். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அங்கிருந்து திருகோணமலைக்கு வேனில் ஆறு மணி நேரம். பலாலிக்கு விமானம் கிடைத்தால் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கீழே இறங்குவது இன்னும் சுகம். ஓட்டுநரோடு வேன் எடுத்தால் நாள் வாடகைதான். எட்டுப் பேர் ஏறினாலும் அதே காசு. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகும் படகும் அப்படியே, படகுக் கணக்கு. ஆனால் 2003 முதல் அது தேசியப் பூங்கா, வெளிநாட்டவர் டிக்கெட் தனியாக, நன்றாகவே இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் அமுக்கினால் போதும், பவளமும் மீனும் கண்ணெதிரே. அதிர்ஷ்டம் இருந்தால் கருந்துடுப்புச் சின்னச் சுறாக்கள், அவை பொதுவாக ஆளைக் கடிப்பதில்லை. தீவின் கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள், வெறுங்காலில் இறங்கினால் கிழித்துவிடும். ரப்பர் ஷூ அவசியம்.

இப்போது குறை. உள்ளூர்ப் பெண்கள் உடுத்த உடையோடுதான் குளிப்பார்கள். வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் பஸ் பிடித்து வரும் ஆண்கள் கூட்டம் பார்க்கிற பார்வை, நம் ஊர்க் கடற்கரையை நினைவுபடுத்தும். கரையோடு ஒட்டிய விடுதியாக எடுத்து, அதன் முன்பக்கத்திலேயே குளித்தால் தொந்தரவு பெரிதும் குறையும். இருட்டிய பிறகு கரையில் தூரம் நடக்க வேண்டாம். பௌர்ணமி நாளில் போயா விடுமுறை. மதுக்கடைகள் மூடியிருக்கும், ஒயின் பிரியர்கள் தேதியைப் பார்த்துக்கொள்க. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 சுனாமியும், 2009 வரை நீடித்த போரும் பார்த்த ஊர் இது. வேன் ஓட்டும் அண்ணனிடம் போரைப் பற்றிச் சுற்றுலாத் தலம் விசாரிப்பது போல விசாரிக்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மாலத்தீவுக்கு வந்தால், தண்ணீர் விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. பவளத் திட்டுக்கு உட்பக்கம் கண்ணாடி போல் தெளிந்த, இடுப்பளவு, அலையில்லாத தண்ணீர். கடலைக் கண்டு நடுங்குகிறவளும் பத்து நிமிடத்தில் மல்லாந்து மிதக்கத் தொடங்குவாள். ரிசார்ட் தீவுகளின் விலையைப் பார்த்துப் பயந்து, மாஃபூஷி போன்ற உள்ளூர் தீவுகளில் விருந்தினர் விடுதி எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் குழுவுக்கு இங்கே எந்தச் சலுகையும் இல்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்பீட்போட் தலைக்கு, மணல் திட்டுப் பயணம் தலைக்கு, அறையோ இரண்டிரண்டு பேருக்கு. பசுமை வரி என்று ஒன்று, 2025 முதல் சின்ன விடுதிகளில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர், பெரிய ஹோட்டல்களிலும் ரிசார்ட்டுகளிலும் 12. எட்டுப் பேர் ஐந்து இரவு தங்கினால் சின்ன விடுதியிலேயே 240 டாலர் வரிக்கு மட்டும். அதற்கு மேல் 17 சதவீதச் சுற்றுலா ஜிஎஸ்டி, 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். விடுதித் தளத்தில் முதலில் தெரியும் விலை இதையெல்லாம் சேர்த்ததா என்று பாருங்கள்.

உள்ளூர் தீவுகளில் நீச்சல் உடைக்கென்று மறைப்புக் கட்டிய தனிக் கரை உண்டு, மற்ற இடமெல்லாம் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அது ஒரு சிரமமே இல்லை. மது கிடையாது. அரசு ஃபெரி வெள்ளிக்கிழமை ஓடுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்பதால், கடைத்தெரு இல்லாமல் இருக்க முடியாத தோழி மூன்றாம் நாள் முணுமுணுக்கத் தொடங்குவாள். நாலு பேர், நாலு இரவு, கடல் மட்டும் போதும் என்றால் மாலத்தீவு. எட்டுப் பேர் என்றால் வேண்டாம்.

லங்காவியில் தண்ணீர் கொஞ்சம் கலங்கல். பந்தாய் செனாங் கரை அகலமானது, ஆழம் மெதுவாகத்தான் கூடும், ஆனால் ஜெட் ஸ்கீயின் இரைச்சல் ஓயாது. ஜெல்லிமீன் தொல்லையும் உண்டு. விடுதியில் வினிகர் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமைதி வேண்டுமென்றால் வடக்கே தஞ்சோங் ரூ. கடலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த நாலில் இதற்குக் கடைசி இடம்தான். ஆனால் குழுவில் யாராவது அம்மாவையோ மாமியாரையோ கூட்டிவருகிறாள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். விமானத்தை விட்டு இறங்கினால் படகேறாமலே ஹோட்டல். ரொட்டி சானாயும் வாழை இலைச் சாப்பாடும் கிடைக்கும். தமிழ் காதில் விழும். மலேசியப் பெண்கள் பலர் முழு உடையில்தான் கடலில் இறங்குவார்கள் என்பதால் சுடிதாரோடு இறங்கும் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. 1987 முதல் தீர்வையில்லாத் தீவு என்பதால் சாக்லேட்டும் பியரும் மலிவு. இரண்டு கட்சியும் திருப்தி.

அந்தத் தீவின் பெயர்பெற்ற கதையும் ஒரு பெண்ணின் கதைதான். கணவன் போருக்குப் போயிருந்தபோது கள்ளத் தொடர்பு என்று பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட மசூரி, ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு விளங்காது என்று சபித்தாளாம். கண்ணகியைத் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் கல்லறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

பாலியைக் கேட்காதவர்கள் இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், அதனால் மே மாதக் குழுவுக்கும் ஒத்துவரும். நாலு படுக்கையறையும் சொந்த நீச்சல் குளமும் கொண்ட வில்லாவை எட்டுப் பேர் பங்கிட்டால் அந்த வசதிக்கு அந்த விலை வேறெங்கும் கிடைப்பது கடினம். ஆனால் கூட்டா பக்கம் கடல் இழுப்பு பொல்லாதது, சானூர் போன்ற சில கரைகள்தான் சாது. போக்குவரத்து நெரிசலில் பாதி நாள் போய்விடும். அங்கே போகிறவர்கள் வில்லாவுக்காகப் போகிறார்கள். கடலுக்காக என்றால் நான் போகமாட்டேன்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. மாலத்தீவில் இறங்கியதும் கட்டணமில்லாமல் விசா தருவார்கள். தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தன. இலங்கைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி எடுக்க வேண்டும், அதன் கட்டணமும் விதியும் அடிக்கடி மாறும். இதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய சலுகைகள். டிக்கெட் போடுகிற வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். மாலத்தீவு, தாய்லாந்து, மலேசியா மூன்றுக்கும் கிளம்புவதற்கு முந்தைய சில நாட்களில் நிரப்ப வேண்டிய ஆன்லைன் படிவம் ஒன்றும் உண்டு. எட்டுப் பேருக்கும் ஒருத்தியே உட்கார்ந்து நிரப்புவது உத்தமம்; ஆளாளுக்கு விட்டால் விமான நிலையத்தில் இரண்டு பேர் போனைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஸ்கூட்டர் ஆசையைக் கிள்ளி எறியுங்கள். இருசக்கர வாகன உரிமமும் சர்வதேச அனுமதியும் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஒரு பைசா தராது. வாடகைக்குத் தருகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

கடைசியாக, ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் வராத ஒன்று. எட்டுப் பெண்களுக்கும் பீரியட்ஸ் வராத ஒரு வாரம் என்று தேடினால் அப்படி ஒரு வாரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவதாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையும் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது. மென்ஸ்ட்ருவல் கப் பழகிக்கொள்வதாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழகுங்கள், தீவு விடுதியின் குளியலறை அதற்கான இடமல்ல. அதையும் மீறி ஒருத்திக்குக் கடலில் இறங்க முடியாத நாள் வந்தால், அன்றைக்குப் படகை விட்டுவிட்டு எல்லோருமாக மசாஜ் கடைக்குப் போகலாம். தாய்லாந்து என்றால் அது தெருவுக்கு நாலு இருக்கும்.